மூன்றாவது கட்சியில் சேர நினைக்கும் இன்ஜினியர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிவில் இன்ஜினியர். குடிநீர்த் திட்டங்களுக்கு வடிவமைப்பு செய்யும் தனியார் நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அப்புறம் தமிழ்நாட்டில் ஒரு சின்னக் கட்சியில் சேர்ந்து, 2021 சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றேன். அன்றிலிருந்து யாராவது ஒருவர் போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். கல்லூரிக் கடைசி வருடம் படிக்கும் தம்பி, ஐடி கம்பெனியில் இருக்கும் தங்கை, மின்வாரிய உதவிப் பொறியாளர் என்று ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மூன்றாவது கட்சின்னு எதைச் சொல்றீங்க அக்கா?

1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் நடந்த சட்டமன்றத் தேர்தல்கள் எல்லாவற்றிலும் திமுகவோ அதிமுகவோதான் ஆட்சிக்கு வந்திருக்கிறது. அந்த இரண்டின் தலைமையில் இல்லாமல், தன் பெயரிலும் சின்னத்திலும் தனியே நின்று ஓட்டுக் கேட்கிற கட்சியைத்தான் இங்கே மூன்றாவது கட்சி என்கிறேன். 2006-ல் தேமுதிக, 2021-ல் நாம் தமிழர் ஆகியவை அப்படி நின்றவை; 2021-ல் மக்கள் நீதி மய்யம் தன் தலைமையில் ஓர் அணி அமைத்து நின்றது. தேர்தலுக்குத் தேர்தல் ஒரு கட்சி இந்த இடத்துக்கு வருவதும் விலகுவதும் உண்டு.

இன்ஜினியருக்கு அரசியலில் என்னக்கா வேலை இருக்கு?

எங்கள் ஊராட்சியில் ஒரு தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். அடுத்த மழைக்கே தண்ணீர் வீட்டு வாசலில் நின்றது. தெருப் பெண்கள் மனு கொடுத்தார்கள். "வேலை விதிப்படி முடிந்தது" என்று பதில் வந்தது. நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அந்த வேலையின் மதிப்பீட்டையும் எம்-புக்கையும் கேட்டேன். எம்-புக் என்றால் அளவுப் புத்தகம். எவ்வளவு நீளம், அகலம், ஆழத்துக்கு வேலை நடந்தது என்று அதில் எழுதி, அதை வைத்துத்தான் பில் போடுவார்கள். வடிகாலின் ஆழம் 600 மில்லிமீட்டர் என்று அதில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் கொத்தனார் ஒருவர் ட்யூப் லெவல் கொண்டுவந்தார். உள்ளே தண்ணீர் தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மட்டம் பார்க்கும் அதே குழாய்தான். நான் டேப்பைப் பிடித்தேன். பாதி இடங்களில் ஆழம் 480-ஐத் தாண்டவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, தண்ணீர் வெளியேற வேண்டிய முனை, தொடங்கும் முனையைவிட 4 சென்டிமீட்டர் மேலே இருந்தது. சுற்றி நின்ற பெண்களில் ஒருவர், "அப்போ தண்ணி எங்க வீட்டுக்குத்தாம்மா ஓடும்" என்றார். அந்த ஒரு வரியை அவர்களே மனுவில் எழுதினார்கள். அதன்பின் ஊராட்சி, தண்ணீர் வெளியேறும் முனையை உடைத்து மறுபடி கட்டியது.

இன்ஜினியருக்கு இதுதான் வேலை. சாலை, வடிகால், தொட்டி போன்ற வேலைகளுக்கான அரசின் பணம் மதிப்பீடு, டெண்டர், பில் என்ற காகிதங்கள் வழியாகத்தான் ஊருக்குள் வருகிறது. அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மக்கள் பக்கத்தில் மிகக் குறைவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. சிவில் படித்த பலருக்கே இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

வேலையை விட்டுட்டுத்தான் வரணுமா?

தனியார் வேலை என்றால் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் நியமன ஆணையில் வேறு பொறுப்புகள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சில நிறுவனங்கள் கட்சிப் பொறுப்பு வேண்டாம் என்று சொல்லும், சில கண்டுகொள்ளாது. நான் முதல் மூன்று வருடம் வேலையில் இருந்துகொண்டே மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் கட்சி வேலை பார்த்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

அரசு ஊழியர், மின்வாரியம் போன்ற அரசு நிறுவன ஊழியர் என்றால் கதை வேறு. கட்சியில் சேரவே நடத்தை விதிகள் இடம் தராது. அரசு ஊழியர் தேர்தலில் நிற்க, ராஜினாமா கொடுத்தால் மட்டும் போதாது. வேட்புமனு பரிசீலனைக்கு முன்பே அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர்களாக இருக்கும் இன்ஜினியர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 9ஏ பிரிவின்படி, மாநில அரசோடு நடப்பிலுள்ள ஒப்பந்தம் இருந்தால் சட்டமன்றத்துக்கு நிற்க முடியாது. வேலையை முழுதாக முடித்துவிட்டு, பில் பணம் மட்டும் வர வேண்டியிருக்கிறது என்றால் அது தடையில்லை.

நான் அமெரிக்காவில் இருக்கேன். அங்கிருந்து வந்து நிக்க முடியுமா?

இந்தியக் குடியுரிமை இருந்து, தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் சட்டப்படி முடியும். குடியுரிமையை மாற்றிக்கொண்டு ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் ஓட்டுப் போடவும் முடியாது, நிற்கவும் முடியாது. தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு விமானம் ஏறி வந்து நிற்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டுப் படியில் நின்று உங்களிடம் பேசும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "நீ எந்தத் தெரு?" என்பதுதான்.

எந்தக் கட்சின்னு எப்படி முடிவு பண்றது?

மாநாட்டுப் பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று விஷயம் பாருங்கள். கட்சியின் விதிமுறைப் புத்தகம் கேட்டால் கிடைக்கிறதா? கிளைக் கூட்டம் நடக்கிறதா, அதில் ஒருவர் மறுத்துப் பேச முடிகிறதா? வருடாந்திரத் தணிக்கைக் கணக்கைத் தேர்தல் ஆணையத்தில் கொடுத்திருக்கிறார்களா? கொள்கை முக்கியம்தான். ஆனால் கொள்கை பிடித்துப்போய்ச் சேர்ந்த பலர் வெளியே வந்தது இந்த மூன்றாலும்தான்.

நான் சேர்ந்த கட்சியில் முதல் கூட்டத்தில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். செயலாளர் போன மாத வரவு செலவை வாசித்தார். டீச் செலவு உட்பட. அது எனக்குப் பிடித்தது.

நாமே புதுசா ஒரு கட்சி ஆரம்பிச்சா என்ன?

ஆரம்பிக்கலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின் கீழ்ப் பதிவு செய்யக் குறைந்தது 100 உறுப்பினர்கள், 10,000 ரூபாய் கட்டணம், கட்சி விதிமுறை எல்லாம் தேவை. தொடங்கிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அது எளிதான பகுதி. மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம்தான் கடினம். உதாரணமாக, சட்டமன்றத் தேர்தலில் 6 சதவீத ஓட்டும் 2 இடங்களும், அல்லது இடமே இல்லாவிட்டாலும் 8 சதவீத ஓட்டு. இன்னும் சில வழிகளும் உண்டு. பத்து இன்ஜினியர் நண்பர்கள் சேர்ந்து கட்சி தொடங்குவதைவிட, அந்தப் பத்துப் பேரும் பத்து வார்டில் வேலை செய்வது பயன் தரும் என்பது என் கருத்து.

எடுத்தவுடனே எம்எல்ஏவுக்கு நிக்கலாமா?

வயது 25 ஆகியிருந்தால் நிற்கலாம். நான் அப்படித்தான் நின்றேன். இன்று யோசித்தால், உள்ளாட்சியில் தொடங்கியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்கு 21 வயது போதும். கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. சின்னக் கட்சிக்காரருக்கு இதைவிட நல்ல களம் கிடையாது. யார் என்று பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர், நகர்ப்புற வார்டுகள் எல்லாம் கட்சி அடிப்படையில். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கீடு இருப்பதால், தங்கைகள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள்.

தேர்தல் இல்லாத காலத்தில் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு. அங்கே வரவு செலவைக் கேட்பதற்கு நீங்கள் யாராகவும் இருக்க வேண்டியதில்லை, அந்த ஊர் வாக்காளராக இருந்தால் போதும். முதல் முறை எழுந்து பேசும்போது எனக்குக் குரல் நடுங்கியது. நான்காவது கிராம சபையில் ஊராட்சிச் செயலரே, "அம்மா கேட்பாங்க, கணக்கை எடுத்து வைங்க" என்று உதவியாளரிடம் சொன்னார்.

வேட்புமனு தள்ளுபடி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. என்ன பார்க்கணும்?

பயப்பட வேண்டிய இடம்தான். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். அங்கீகாரம் இல்லாத கட்சிக்கும் சுயேச்சைக்கும் அதே தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்ற நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தில்லை என்று மறுத்ததால் தள்ளுபடியானது. அவ்வளவு பிரபலமானவருக்கே அப்படி. எனவே நன்றாகத் தெரிந்தவர்களிடம், உங்கள் கண்ணெதிரே கையெழுத்து வாங்குங்கள்.

படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் வரும். ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். இல்லாத இடத்தில் "இல்லை" என்றோ "பொருந்தாது" என்றோ எழுத வேண்டும். சாலை மறியலில் போட்ட வழக்கும் வழக்குதான், மறைக்கக் கூடாது. கட்சி உங்களை நிறுத்துகிறது என்பதற்கான ஏ, பி படிவங்கள் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் தேர்தல் அலுவலர் கைக்குப் போக வேண்டும். மனு கொடுத்த பிறகு உறுதிமொழி எடுப்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் இன்ஜினியர் புத்தி உதவும். சைட்டில் கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பியைச் சரிபார்க்க ஒரு பட்டியல் வைத்திருப்போமே, அதேபோல ஒன்று எழுதி, இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

டெபாசிட் போறதுன்னா என்ன? அவமானமா இருக்காதா?

சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். 1,80,000 ஓட்டு பதிவானால் 30,001 வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் வராது. எனக்குப் போனது. முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. ஆனால் எங்கள் தெருக்களில் எத்தனை ஓட்டு என்று வாக்குச்சாவடி வாரியாகப் பார்த்தபோது, அந்த வடிகால் தெரு இருக்கும் சாவடியில் நாங்கள் இரண்டாவது இடம்.

சின்னம் இல்லாம எப்படி ஜெயிக்கிறது?

இது நியாயமான கவலை. அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது. கட்சியின் எல்லா வேட்பாளருக்கும் ஒரே பொதுச் சின்னம் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது அடுத்த முறையும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயி சின்னத்தில் வளர்ந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அந்தச் சின்னம் கிடைக்காமல் ஒலிவாங்கியில் நின்றது. அப்படியும் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கி மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றது. வாக்கு இயந்திரத்திலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் பெயர்கள்தான் முதலில் வரும், நாம் கீழே.

நாங்கள் செய்தது இது: சின்னம் கிடைத்த அன்றே இயந்திரத்தின் மாதிரிப் படத்தை அட்டையில் வரைந்து, எந்த வரிசையில் நம் பெயர் என்று காட்டினோம். வயதானவர்களுக்கு "மேலேயிருந்து ஒன்பதாவது" என்பதைவிட, "கீழேயிருந்து நாலாவது" என்பது எளிதாக மனதில் நின்றது.

எவ்வளவு செலவாகும்? உண்மையைச் சொல்லுங்க.

தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் செலவு உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம். மனுத் தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்பு தனி வங்கிக் கணக்கு தொடங்கி எல்லாச் செலவையும் அதன் வழியாகச் செய்ய வேண்டும். நாங்கள் உச்சவரம்பின் பக்கத்தில்கூடப் போகவில்லை. துண்டறிக்கை, ஒலிபெருக்கி, ஆட்டோ வாடகை, முகவர்களுக்குச் சாப்பாடு, இவைதான் பெரிய செலவு. உங்கள் சேமிப்பில் எவ்வளவு வரை என்று வீட்டில் பேசி ஒரு தொகையை எழுதி வைத்துவிடுங்கள். நகையை அடகு வைக்காதீர்கள்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று பணப் பட்டுவாடாவுக்காகவே தேர்தல்கள் தள்ளியோ ரத்தோ ஆகியிருக்கின்றன. நாம் கொடுக்கப் போவதில்லை. ஆனால் வாங்கியவர்களைத் திட்டாதீர்கள். ஒரு பாட்டி என்னிடம், "அவங்க குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். ஓட்டு என்னோடது" என்றார். அவர் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

வாக்குப்பதிவு அன்னைக்கு ஆள் இல்லாத கட்சி என்ன பண்ணும்?

ஒரு தொகுதியில் சுமார் 300 சாவடி இருக்கும். எல்லாவற்றுக்கும் முகவர் போட முடியாது. எங்களால் முடிந்தது 90-க்கும் குறைவு. அந்தச் சாவடிகளிலாவது ஆரம்பம் முதல் கடைசி வரை உட்கார வேண்டும். பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பு மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், குறைந்தது 50 ஓட்டுப் போட்டு முகவர்களுக்குக் காட்டுவார்கள். மாலையில் பதிவு முடிந்ததும் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்து வரக் கூடாது. அந்தச் சாவடியில் பதிவான மொத்த ஓட்டு எத்தனை என்பது அதில் இருக்கும். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தத்தோடு ஒப்பிட அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

சாதி பார்த்துத்தானே ஓட்டுப் போடுறாங்க? நம்ம படிப்பை யார் மதிக்கிறா?

சாதி இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். பெரிய கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தக் கணக்கைத்தான் முதலில் போடுகின்றன. ஆனால் "படிப்பை மதிக்கவில்லை" என்ற மனக்குறையோடு தெருவுக்குள் போனால் அது முகத்தில் தெரியும். நான் எந்தத் தெருவிலும் முதலில் பட்டத்தைச் சொன்னதில்லை. ஊருக்கும் காலனிக்கும் தனித்தனிக் குடிநீர்த் தொட்டி இருக்கும் இடத்தில், எந்தத் தொட்டிக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் ஏறுகிறது என்று கேட்டால், சாதி எப்படி வேலை செய்கிறது என்பது மோட்டார் ஸ்விட்சிலேயே தெரிந்துவிடும். அதைப் பேச இன்ஜினியர் பயப்படக் கூடாது. ஓட்டுக் குறையும் என்று தெரிந்தாலும்.

எட்டு சதவீத ஓட்டு வாங்கியும் ஒரு சீட்டுதான்னா, என்ன பிரயோஜனம்?

2006-ல் தேமுதிக 8 சதவீதத்துக்கு மேல் வாங்கி விருத்தாசலத்தில் மட்டும் ஜெயித்தது. 2021-ல் நாம் தமிழர் 6 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஓர் இடமும் பெறவில்லை. காரணம் எளிது. 234 தொகுதியிலும் பரவலாக விழும் ஓட்டு, எந்தத் தொகுதியிலும் முதலிடம் தராது. நம் முறையில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவர்தான் வெற்றி. எனவே பரவலாக நிற்பதா, பத்துத் தொகுதியில் ஆழமாக நிற்பதா என்பது கட்சிக்குள் நடக்க வேண்டிய பெரிய விவாதம். நான் ஆழத்தின் பக்கம். அங்கீகாரத்துக்கு (மேலே கட்சி தொடங்குவது பற்றிய பதிலைப் பாருங்கள்) மாநிலம் முழுக்க ஓட்டு வேண்டும் என்பதால் தலைமை பெரும்பாலும் மறுபக்கம் நிற்கும். இரண்டுக்கும் நியாயம் உண்டு.

நீங்க ஓட்டைப் பிரிக்கத்தானே நிக்கிறீங்க? பி டீம்னு சொல்றாங்களே.

இதை நண்பர்களே கேட்பார்கள். வலிக்கும். 2021-ல் கோவை தெற்கில் கமல்ஹாசன் 1,728 ஓட்டில் தோற்றார். அங்கே மூன்றாவது கட்சியே வெற்றிக்கு மிக அருகில் வந்தது. அப்போது யார் யாருடைய ஓட்டைப் பிரித்தார்கள் என்று சொல்வீர்கள்? ஓட்டு எந்தக் கட்சியின் சொத்தும் இல்லை.

அதே சமயம், நம்மால் நமக்குச் சற்றும் பிடிக்காத ஒருவர் ஜெயிக்கக்கூடும் என்பதும் உண்மை. அதைத் தெரிந்துதான் நிற்க வேண்டும். "அப்படி நடந்தால் பொறுப்பேற்பீர்களா?" என்று ஓர் ஆசிரியர் கேட்டார். ஏற்பேன் என்றேன். வேறு பதில் நேர்மையாக இருக்காது.

கட்சி கடைசியில பெரிய கட்சியோட சேர்ந்துட்டா நாம என்ன ஆவோம்?

நடக்கும். தேமுதிக 2011-ல் அதிமுக கூட்டணியில் 29 இடம் பெற்று, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். 2016-ல் இடதுசாரிகள், மதிமுக, விசிக, தமாகாவோடு அமைத்த அணியில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. மக்கள் நீதி மய்யம் 2024-ல் திமுக கூட்டணிக்குப் போனது, கமல்ஹாசன் 2025-ல் மாநிலங்களவை உறுப்பினரானார். இதைத் துரோகம் என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனமில்லை. சட்டமன்றத்தில் குரல் வேண்டும் என்ற ஏக்கமும் அதில் இருக்கிறது. ஆனால் எந்த எல்லை வரை நீங்கள் கூடப் போவீர்கள் என்று சேரும்போதே கிளைக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னதால் எனக்கு ஒரு பொறுப்பு கிடைக்காமல் போனது. பரவாயில்லை.

கெஜ்ரிவாலும் இன்ஜினியர்தானே? டெல்லியில் முடிஞ்சது இங்கே ஏன் முடியலை?

ஐஐடி காரக்பூரில் இயந்திரவியல் படித்தவர், வருமான வரித்துறையில் இருந்தவர் என்பதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு நடுவே நடந்ததைச் சொல்வதில்லை. அவர் ஆம் ஆத்மி கட்சியைத் தொடங்கியது 2012-ல். அதற்குப் பத்து வருடம் முன்பே அவரும் தோழர்களும் டெல்லி சுந்தர் நகரியில் சாலை, சாக்கடை வேலைகளின் பில்களை டெல்லியின் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, தெருத் தெருவாகச் சரிபார்த்து, மக்கள் முன்னால் வாசித்தார்கள். நான் இரண்டாவது பதிலில் சொன்ன எம்-புக் வேலைதான் அது.

டெல்லி 70 தொகுதி கொண்ட ஒற்றை நகரம். தமிழ்நாட்டில் 234, மலையும் கடலும் டெல்டாவுமாக. இங்கே ஏற்கெனவே வலுவான மாநிலக் கட்சிகள் இருக்கின்றன. 2013-ல் 28, 2015-ல் 67 என்று ஏறிய ஆம் ஆத்மி 2025-ல் 22-க்கு இறங்கியதையும் சேர்த்துப் படியுங்கள்.

வீட்ல ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க அக்கா.

என் அம்மா ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. வாதாடி ஜெயிக்க முயலாதீர்கள். அவர்கள் பயப்படுவது பணம், வழக்கு, பெண்ணாக இருந்தால் பெயர் கெடுவது. பணத்துக்கு மேலே சொன்ன எழுதி வைத்த தொகை உதவியது. மற்றதற்கு, ஒரு கூட்டத்துக்கு அம்மாவையே அழைத்துப் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்து முழுதும் கேட்டார்.

தோத்த பிறகு என்ன பண்றது?

முதலில் கணக்கு. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்கத் தடை வரலாம். தோற்ற சோர்வில் சின்னக் கட்சிக்காரர்கள் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பில்களை அன்றன்றே ஒட்டி வையுங்கள்.

அப்புறம் ஓட்டுப் போட்டவர்களிடம் போய் நன்றி சொல்லுங்கள். நான் போனபோது ஒரு வீட்டில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, "தோத்துட்டீங்களே, இனி இந்தப் பக்கம் வருவீங்களா?" என்று கேட்டார்கள். அவர்கள் தெருவில் மேல்நிலைத் தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் காலை ஏணியோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.